சட்டத்தின் மறு விளிம்பு

தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். போன மாதம் என் ரேடியோவில் ஓயாத கரகரப்பு. எதிர் மாவு மில் மோட்டார்தான் காரணம் என்று முடிவு கட்டி, அதை நிரூபிக்கவே பழைய படச் சட்டத்தில் செம்புக் கம்பி சுற்றி ஒரு ஏரியல் செய்தேன். பேட்டரி டிரான்சிஸ்டரோடு இணைத்துத் திருப்பினால், சட்டத்தின் விளிம்பு இரைச்சல் வரும் திசைக்கு நேராகும்போது சத்தம் உச்சத்துக்குப் போகும்.

ஞாயிறு காலை தெருவில் நின்று திருப்பினேன். விளிம்பு நேரே மில்லைக் காட்டியது. மில்காரரைக் கூப்பிட்டுச் சண்டைக்கே போய்விட்டேன். அவர் உள்ளே போய் மெயினை அணைத்துவிட்டு வந்தார். இரைச்சல் துளியும் குறையவில்லை.

"சட்டத்துக்கு அங்கன இன்னொரு விளிம்பு இருக்குல்லா தம்பி? அது எங்க காட்டுது, பாரும்" என்றார்.

திரும்பினேன். என் வீடு. வாசல் விளக்கு வயர் போகும் இரும்புக் குழாயில்தான் துணி காயப்போடும் கம்பியை நான் கட்டியிருந்தேன். என் மனைவி ஈரச் சேலையோடு அந்தக் கம்பியை நோக்கிக் கையை உயர்த்தியிருந்தாள்.

"ஏளா, தொடாத!" என்று அலறினேன். சேலையைக் கீழே போட்டுவிட்டாள்.

மில்காரர்தான் ஓடிப்போய் எங்கள் மெயினை அணைத்தார். அந்த நொடியே இரைச்சல் நின்றது. உப்புக்காற்றில் வயரின் உறை வெடித்து, கரண்டு கம்பிக்குக் கசிந்திருந்தது.

"நேத்தே கம்பி சுருக்குன்னு இழுக்குன்னு சொன்னேன். ஒண்ணுமில்லன்னுட்டு ரேடியோவத் திருகுனீயளே" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் இரைச்சல் கேட்டால் முதலில் எங்கள் வீட்டு மெயினைத்தான் அணைக்கிறேன். அவள் பேச ஆரம்பித்தால் ரேடியோவை.