திறந்து பார்க்காத துவக்கு

தெல்தெனியவில் எங்கள் மிளகுத் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் அழிப்பதால், அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு, என் மனைவி பரீனாவின் அண்ணன் நவாஸ் அக்குறணையிலிருந்து வந்தார். அதுவரை துவக்கைத் தொட்டே பார்க்காதவர். நான் எடுத்துக் கொடுத்ததைக் கையில் வாங்கும்போது கேட்டார்.

“உள்ளுக்கு தோட்டா இரிக்கா மச்சான்? தொறந்து பாத்தீங்களா?”

“ஒண்டுமில்ல, பயமில்லாம புடிங்க.”

நான் திறந்து பார்க்கவில்லை. காலையில் தோட்டத்திலிருந்து வந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். குழலை ஆள் இல்லாத பக்கம் பிடிக்க வேண்டும், விசையில் விரல் வைக்கக்கூடாது என்றும் அவருக்குச் சொல்லவில்லை. வெடித்தபோது குழல் குசினி வாசலைப் பார்த்திருந்தது. தேநீர்த் தட்டோடு பரீனா அங்கே வந்துகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் மவுத்தானாள்.

பொலிஸில் நவாஸ், “நான்தான் தெரியாம அமத்திட்டேன்” என்று மட்டும் சொன்னார். என்னிடம் கேட்டதைச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. தங்கையைக் கொன்றவர் என்று சொந்தக்காரர்கள் அவரை ஒதுக்கினார்கள்.

ஏழு மாதம் கழித்து அவருடைய கடைக்குப் போய், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“புள்ளைகளுக்கு உம்மா இல்ல. வாப்பா சரி வீட்டுல இரிக்கோணும்.”

அன்றே பொலிஸுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பிறகு பிள்ளைகளிடமும் சொன்னேன். மூத்த மகள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசு என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.