கன்னத்துக் கோடுகள்

"வாங்க மகராசி, உங்களை ஒரு கை பார்த்துடலாம்" என்று திரையில் இருக்கும் முகத்தைப் பெரிதாக்குவார் டச்சப் அண்ணன். மவுஸ் நகரும். பரு போகும், மரு போகும், கண்ணுக்குக் கீழே கருவளையம் போகும். நிறம் இரண்டு படி ஏறும். யாரும் கேட்க வேண்டியதில்லை. "கேட்டுக் கேட்டுச் செய்ய நான் என்ன ஓட்டல் சர்வரா?"

ஸ்டுடியோவின் பின்னறையில், ஃபேன் காற்று எட்டாத மூலையில் அவர் நாற்காலி. அவர் தலையில் சீப்பு பட்டிருக்காது, சட்டையில் ஒரு பொத்தான் இருக்காது. அடுத்தவர் முகத்தில் மட்டும் ஒரு புள்ளி பொறுக்காது. பக்கத்துக் கடைக்காரனான எனக்கு மூக்கில் கொஞ்சம் குறைக்க வேண்டுமாம். டீ குடிக்கப் போகும்போதெல்லாம் சொல்வார்.

வேற்று நாட்டிலிருந்து வந்து பல வருஷமாய் இங்கே வேலை பார்த்து, தமிழும் பழகிவிட்ட நர்ஸ் ஒருத்தி, இறந்துபோன தன் அம்மாவின் சின்னப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தாள். அந்த அம்மாளின் இரண்டு கன்னத்திலும் வரிவரியாகத் தழும்பு. "எந்தப் பாவி கீறினானோ" என்று மனம் உருகி, சாப்பாட்டையும் மறந்து ஒரு கோடு விடாமல் அழித்து, சட்டம் போட்டு வைத்துவிட்டார் அண்ணன். அவள் வாங்க வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு?"

"உங்க அம்மாதாம்மா. தழும்பையெல்லாம் எடுத்துட்டேன்."

"அது எங்க ஊர்ல அழகுக்குப் போட்டுக்கறதுங்க. சின்னப் பிள்ளையில அதைத் தடவிக்கிட்டேதான் நான் தூங்குவேன்." அவள் விரல் படத்தின் வழவழப்பான கன்னத்தில் ஓடியது. "எங்க அம்மா அழகா இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அண்ணன் இருந்தது இருந்தபடி வேறு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அவள் போனதும், "வெட்கமா இருக்கு சார். செத்த மனுஷியைப் போய்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலையே அண்ணனின் மகள் வந்தாள், கல்லூரி விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க. அவளுக்கு இடது கன்னம் முழுக்கக் கருஞ்சிவப்பாய்ப் பிறவி மச்சம். அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு படத்திலும் அது கிடையாது.

"அப்பா, வழக்கம்போல அழிச்சிடுங்க. சீக்கிரம்."

அண்ணன் மவுஸைத் தொடவில்லை. திரையை விட்டுத் திரும்பி மகளையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னப்பா?" என்றவள், அவர் பார்வை நின்ற இடம் தெரிந்ததும் சட்டென்று உள்ளங்கையால் கன்னத்தை மூடிக்கொண்டாள்.