கிளச் பெடலில் ஒரு சவுக்குக் கட்டை

போன வாரம் எங்கள் வீட்டு குஷன் நாற்காலிக்குப் புது ரெக்ஸின் போட ஓர் ஆள் வந்திருந்தார். நாற்காலியின் நடுவில் ஆழமாக ஒரு பள்ளம் உண்டு. என் எழுத்துப் பணியால் இந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே நிலையான பலன் அதுதான் என்பது என் மனைவியின் கட்சி. வந்தவர் பழைய உறையைக் கிழித்துத் தேங்காய் நாரை உதறிவிட்டு, "பள்ளத்த அடைச்சு மட்டமா ஆக்கிடறேன் சார்" என்றார்.

"வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்."

"புது ரெக்ஸின் போட்டுட்டுப் பள்ளத்த வுட்டா, பாக்கறவங்க என்னத்தான சார் திட்டுவாங்க?"

"திட்டறவாளை இங்கே அனுப்பு" என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள், இதைப் போல நிறையப் பார்த்தாயிற்று என்று முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த நார் வாசனையும் ரெக்ஸின் வாசனையும் சேர்ந்து எழுந்தபோது நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தேன். முதன்முதலில் அதை முகர்ந்தது ராயப்பேட்டைப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நான் பி.ஏ. தேறி, வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு, கடைசியில் மாம்பலத்தில் கட்டையை நிறுத்து விற்கிற ஒரு விறகுத் தொட்டியில் கிளார்க்காக அமர்ந்திருந்தேன். ஆங்கில இலக்கியத்துக்கும் சவுக்குக் கட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளி முதலியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை, "யோவ் பி.ஏ." என்றுதான் கூப்பிடுவார். தொட்டிக்கு ஒரு லாரி உண்டு. அடையாற்றுப் பாலம் தாண்டித் தெற்கே சவுக்குத் தோப்புகளுக்குப் போய்க் கட்டை ஏற்றி வரும். போகிற வழியில் என்னை லஸ் முனையில் இறக்கிவிடும். அப்போது எங்கள் வீடு மயிலாப்பூரில்.

அந்த லாரியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யுத்த காலத்தில் ஒரு ஸ்க்ரூ கூடக் கிடைக்காது. ஆகையால் எது கழன்று விழுந்தாலும் அதன் இடத்தில் சம்பந்தமில்லாத வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். கதவுக் கைப்பிடிக்குப் பதில் தாம்புக்கயிறு. ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் தேயிலைப் பெட்டிப் பலகை. காலடியில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் போட்ட தகடு. இரண்டு மட்கார்டும் இரண்டு வேறு லாரிகளைச் சேர்ந்தவை. ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை. ஸ்பிரிங் செத்துப்போன ஸீட்டின் மேல் கோணிச் சாக்கு. பின்னால், பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி எரித்து காஸ் உண்டாக்கும் ஒரு டாங்கி, கல்யாண சமையல் அண்டா மாதிரி. கிளச் பெடலின் மேல் சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டிய ஒரு கட்டை. எதைக் காட்டி 'இது ஏன் இப்படி?' என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்: யுத்தம்.

லாரியின் டிரைவர் மாணிக்கம். இப்போது 'அவர்' போட்டு எழுதுகிறேன். அப்போது போட்டதில்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர். ஆனாலும் நான் அவரை 'நீ' என்பேன், அவரும் என்னை 'நீ' என்பார். கணக்கு அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இன்னா ஐரே, இன்னிக்குப் புக்கு படிக்கலியா நீ? மூஞ்சி தெளிவா கீதே" என்பார்.

அவர் நடை பிரசித்தம். ஓர் அடிக்கு ஒரு தரம் இடது தோளைத் தாழ்த்தி, சற்றே சாய்ந்து நடப்பார். ஊருக்கே லாரி ஓட்டுகிற மிதப்பு என்று தொட்டியில் எல்லோருக்கும் அபிப்பிராயம். நான் ஒருநாள் கட்டை பிளக்கிறவர்களுக்கு முன்னால் அந்த நடையை நடந்து காட்டினேன். கோடாலியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். முதலியாரே சிரித்தார். என் நகைச்சுவை வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. மாணிக்கம் ஒருமுறை வாசலில் நின்று பார்த்துவிட்டார். நான் விழித்தேன். "இன்னும் கொஞ்சம் தோள இறக்கு ஐரே. அப்பத்தான் கரீட்டா வரும்" என்றார்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. முதலியாருக்கு ஆசை வந்துவிட்டது. "யோவ் பி.ஏ., நீ பட்டறையில போய் நில்லு. உள்ள வெளிய எல்லாத்தையும் மாத்திடணும். ஒரு பழசு இருக்கப்படாது" என்றார்.

எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. லாரியைச் சுற்றி வந்து முப்பத்தோரு அயிட்டங்கள் கொண்ட ஜாபிதா ஒன்றை ஆங்கிலத்தில் தயாரித்தேன். அதில் செமிகோலன்கள் கூட இருந்தன. பட்டறைக்காரர் காசிம் பாய் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வாயால சொல்லுங்க சாப்" என்றார். சொன்னேன். கயிறு போயிற்று, கைப்பிடி வந்தது. பலகை போயிற்று, கண்ணாடி வந்தது. அண்டாவைக் கழற்றினார்கள். ரெக்ஸின் போட்ட புது ஸ்பிரிங் ஸீட், பச்சைப் பெயிண்ட், ஜோடி மட்கார்டு.

மாணிக்கம் தினம் வந்து பார்ப்பார். கிளச் பெடலுக்கு வந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐரே, இன்னா வோணா மாத்திக்கோ. இந்தக் கட்டைய மட்டும் வுட்டுடு."

"ஏன்?"

"பழகிப்பூட்ச்சி."

"லாரியே புதுசா ஆறது மாணிக்கம். அதுக்கு எதுக்குக் கட்டைக்கால்?" என்றேன்.

எனக்கே பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் டயரியில் எழுதிக்கொண்டேன். மாணிக்கம் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. காசிம் பாய் சிரிக்கவில்லை. ட்யூபை அறுத்துக் கட்டையை எடுத்து ஒரு மூலையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, கபாலி கோயில் குளத்தருகே பூஜை. முதலியார் குடும்பம் ஜட்காவில் வந்து இறங்கியது. தொட்டி ஆட்களும் வந்திருந்தார்கள். பட்டறையிலிருந்து லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியது காசிம் பாயின் ஆள். இனி சக்கரத்துக்கடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க மாணிக்கம் வண்டியை எடுக்க வேண்டும். புதுக் காக்கிச் சட்டையில் ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் ஸீட் அவரை ஒரு சாண் உயர்த்திவிட்டது. கியர் கிறீச்சிட்டது. லாரி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுபோனது. பழம் அப்படியே இருந்தது. இரண்டாம் தரமும் அதே. மூன்றாம் தரம், ஸீட்டின் விளிம்புக்குச் சரிந்து, ஸ்டீயரிங்குக்கு மேல் கண் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து எடுத்தார். லாரி எகிறிப் போய்ப் பூக்கடைப் பந்தல் காலில் சாய்ந்து நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. ஒரு கூடை கதம்பம் தெருவில் கொட்டியது.

முதலியார் முகம் சிவந்துவிட்டது. "குடிச்சுட்டு வந்தியாடா?"

மாணிக்கத்துக்குப் பாக்குப் போடுகிற பழக்கம் கூடக் கிடையாது. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, "ஆமா மொதலாளி. கொஞ்சம். தப்புதான்" என்றார்.

"சாமிக்கு முன்னால... எறங்குடா. ஒரு வாரம் தொட்டிப் பக்கம் தலை காட்டாதே."

ஒரு வாரம். அவ்வளவுதான் தண்டனை. அந்த ஒரு வாரத்தில் வேறொரு கட்டையைச் செதுக்கி, புது ட்யூபால் கட்டியிருப்பார். கதை முடிந்திருக்கும்.

ஆனால் நான் திறந்திருந்த கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய இடது கால் பெடலுக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கட்டை, கோணி, தோளைத் தாழ்த்துகிற நடை எல்லாம் ஒரே கணத்தில் ஒன்றாக வந்து சேர்ந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை.

"அவன் குடிக்கலை சார். இடது கால் குட்டை. கட்டை இல்லாம பெடல் எட்டலை."

ஒரு நல்ல மனிதர்மேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் இருந்தது, ஒரு கால் பங்கு. மீதி முக்கால் பங்கு, நாலு பேர் நடுவில் முடிச்சை அவிழ்த்துக் காட்டிய சந்தோஷம்.

முதலியார் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு, "நடடா பார்க்கலாம்" என்றார்.

மாணிக்கம் வடக்கு மாட வீதியில் பத்தடி நடந்தார். தொட்டி ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. அந்த நடையைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

பிறகுதான் தெரிந்தது, யுத்த சமயத்தில் கட்டை உருண்டு விழுந்து முறிந்த கால். கோணலாகக் கூடிவிட்டது. சொன்னால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. லாரி முழுக்க ஒட்டுப் போட்டிருந்த காலத்தில், எந்த ஒட்டு யுத்தத்துடையது, எது மாணிக்கத்தின் காலுடையது என்று யாருக்குத் தெரியும்? அவர் ஒளிந்திருந்த இடத்தைத்தான் நான் ஜாபிதா போட்டுக் காலி செய்திருக்கிறேன்.

மறுநாள் பட்டறைக்கு ஓடினேன். காசிம் பாய் கட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். "இது சும்மா கட்டை இல்லே சாப். அளவெடுத்துச் செதுக்கினது. பாதம் வழுக்காம நிக்கப் பள்ளம் வெட்டிகீறான் பாருங்க."

"தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்றதுதானே?"

"அவனே சொல்லலே. நான் எப்டி சொல்றது?" என்றார்.

கட்டையோடு போய் முதலியாரிடம் மன்றாடினேன். அவர் கொடுமைக்காரர் அல்ல. "நாளைக்கு அடையாத்துப் பாலத்துல எவன்னா அடிபட்டா நீ வந்து பதில் சொல்லுவியா பி.ஏ.?" என்றார். மாணிக்கத்தை விறகு நிறுக்கிற தராசு வேலையில் உட்கார வைத்தார். வேறு டிரைவர் வந்தான். லாரி உள்ளே நுழையும்போதெல்லாம் மாணிக்கம் படிக்கல்லை அடுக்குவதில் மும்முரமாகிவிடுவார்.

நான் கட்டையை அவரிடம் நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு யாருக்கோ நிறுத்துக்கொண்டிருந்த விறகோடு தட்டில் போட்டார்.

"சவுக்குதான ஐரே. நல்லா எரியும். நீங்க போய் வேலையப் பாருங்க."

நீங்க. பாருங்க. அன்று முதல் அப்படித்தான். நான் அந்த வேலையை விட்டுப் போகும்வரை ஒரு நாள் கூட மரியாதையைக் குறைக்கவில்லை. லஸ் முனைக்கு அதன் பிறகு டிராமில் போகத் தொடங்கினேன்.

டிராம் போய்விட்டது. கரி காஸ் அண்டாக்கள் போய்விட்டன. தொட்டி இருந்த இடத்தில் புடவைக் கடை இருக்கிறது. சவுக்கு அடுக்கியிருந்த இடத்தில் பட்டு அடுக்கியிருக்கிறார்கள். அடுத்த தெருவிலேயே காஸ் அடுப்பு விற்கிறார்கள். மாணிக்கம் எங்கே போனார் என்று தெரியாது. விசாரித்திருக்கலாம்.

நாற்காலி தயாராகிவிட்டது. பள்ளம் இருக்கிறது. இப்போதெல்லாம் நாலு பேர் என்னைத் தெருவில் பார்த்தால் கை கூப்பி, "வாங்க, உக்காருங்க" என்கிறார்கள். 'நீ' போட்டுக் கூப்பிட்டு என் முகம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.