மணமில்லாத பிளேன்

போன கிழமை தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக மூக்கை உள்ளே விட்டேன். சிரிக்காதீர்கள். ரிமோட்டில் பறக்கும் பிளேன் என்றால் எனக்கு ஆமணக்கெண்ணெய் மணக்க வேண்டும். இது பற்றரிக் காலத்துப் பிளேன். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் உடம்பு, உள்ளங்கைக்குள் அடங்கும் மோட்டார். ஒரு மணமும் இல்லை. அதையே ஒரு குறியாக நான் எடுத்திருக்க வேண்டும்.

கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் வேலை பழகிய நாட்களில், வெளிநாடு போன முதலாளி தன் பிளேனை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதன் எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருள். சின்ன வயதில் அம்மா பேதிக்குத் தந்ததும் அதே எண்ணெய்தான். பிளேன் கிளம்பினால் என் வயிறும் சேர்ந்து கிளம்பும். ஆனாலும் அந்தப் பைத்தியம் விடவில்லை.

பிறகு நாட்டில் சண்டை மூண்டது. "உந்தப் பிளேனைக் கண்டால் ஆர் எங்களை விடுவாங்கள்?" என்றாள் மனைவி யோகம். அக்கராயனில் எங்கள் கிணற்றடியில் புதைத்தேன். பிளேனைப் புதைத்தேனே தவிர காதைப் புதைக்க முடியவில்லை.

ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். வண்டு வந்து சுற்றினால் பின்னால் ஷெல் வரும். இரைச்சல் கேட்டதும் போட்டது போட்டபடி பங்கருக்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு நாள் வண்டு வந்தபோதும் யோகம் முதலில் இறங்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பிள்ளையைத் தாங்கோ!"

நாலு வயது மகள் என் தோளில் இருந்தாள். "பொறுமப்பா, சின்ன எஞ்சின்தான். என்ன வடிவாச் சுத்துது பாரும்" என்று அண்ணாந்து மகளுக்கும் காட்டிக்கொண்டு நின்றேன். பாவி நான். ஷெல் விழுந்தது. எனக்குக் காலில் ஒரு தழும்பு மட்டும். மகள் போய்விட்டாள்.

யோகம் அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் கேட்டதில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன். சண்டை முடிந்ததும் வீட்டுப் பங்கரை மூடி, மேலே வாழை வைத்தோம்.

நேற்றுப் பின்னேரம் நெல் அரிவி வெட்டு முடிந்த வயலுக்குப் பிளேனோடு புறப்பட்டபோது யோகம் கேட்டாள்.

"சத்தம் கேக்குமே?"

"ஒரு சத்தமும் வராது. பற்றரியெல்லே."

அப்படித்தான் நம்பினேன். பழைய எஞ்சின் வாயைக் கிழித்துக்கொண்டு அலறும். இது அலறவில்லை. மேலே ஏறி, வளைந்து, எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே வந்தபோது இரைந்தது. ஏறாமல் இறங்காமல் ஒரே தொனி. வருடக்கணக்காகக் கேட்காத வண்டின் தொனி. பிளேனை மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

யோகம் வாழையடியில் குந்தியிருந்தாள். நகமெல்லாம் தோண்டிய மண். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பிள்ளையைத் தாங்கோ!"

இப்போது ஷெல் இல்லை, பங்கர் இல்லை. கொடுப்பதற்குப் பிள்ளையும் இல்லை. என் கையில் ரிமோட்தான் இருந்தது.