கன்னி மூலையில் ஒரு கோல்ஃப் குழி

கடைசிக் குழி கன்னி மூலையில் இருக்கிறதாம். அதனால் மொரீஷியஸ் பயணமே வேண்டாம் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார் ரைஸ் மில்காரர். டிராவல்ஸ் வேலை என்றால் டிக்கெட் போடுவது என்று நம்பி வந்தவன் நான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அதில் டிக்கெட் போடுவதுதான் கடைசி வேலை.

பிளஸ் ஒன் பிடிக்காமல் நின்றுவிட்டு வில்லியனூரில் ஒரு டிராவல்ஸில் இருக்கிறேன். திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் வேன் அனுப்புகிற ஆபீஸ். அங்கேதான் பாகூர் ரைஸ் மில்காரர் வந்தார். பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. சம்பந்தி பாரிஸில் இருக்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் மொரீஷியஸில் ஒரு வாரம் சேர்ந்து இருப்பதாக ஏற்பாடு. "கோல்ஃப் மைதானத்தை மட்டும் நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க" என்று சம்பந்தி இவரிடம் விட்டுவிட்டார். பேக்கேஜில் மூன்று மைதானம். எங்கள் ஆபீஸில் ஒருவரும் கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, ஓனர் உள்பட.

முதல் மைதானம்

வீட்டு மனை பார்க்கிற கண்ணோடு மேப்பைப் பார்த்தார். தென்மேற்கில் பள்ளம் இருந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாதாம். "சார், பந்து விழுறதுக்குத்தான் பள்ளமே" என்றேன். கேட்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. மேப்பைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இப்போது குழி ஈசானிய மூலையில்.

மில்காரர் மேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேப்பைத் திருப்பிட்ட, சரி. சூரியனை யாருடா திருப்புறது?"

இரண்டாவது மைதானம்

இங்கே குழிகள் எல்லாம் நல்ல மூலையில். ஆனால் ஆட்டம் தொடங்க இடம் கிடைத்தது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. "ராகு காலம் ஒன்பதோடு முடியுது சார், கச்சிதம்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். ஓனர் சும்மா இருந்திருக்கலாம். மொரீஷியஸ் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்று நடுவில் அறிவைக் காட்டினார்.

மில்காரர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். முகம் வெளுத்துவிட்டது. "அங்க ராகு முடியுறப்ப இங்க எமகண்டம் ஆரம்பிக்குது. நான் எந்த ஊரு ஆளுன்னு எமனுக்குத் தெரியாதா?"

நெல் களம்

மூன்றாவது மைதானத்தைப் பற்றிக் கேட்க மில்லுக்கே போனேன். நெல் காயவைக்கிற சிமெண்ட் களத்தில், ஒரு கட்டையை வைத்துக்கொண்டு டென்னிஸ் பந்தை அடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தபோது அடித்த அடியில் பந்து பறந்து போய் நெல் அவிக்கிற தொட்டியில் விழுந்தது.

"சார், உங்களுக்கு ஆடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். கட்டையைக் கீழே போட்டார். "தெரியாதுப்பா. சம்பந்தி முன்னாடி அசிங்கப்பட்டா, எம் பொண்ணு அந்த வூட்டுல எப்படித் தலை நிமிர்ந்து வாழும்? அதான் ஒவ்வொண்ணா தட்டிக் கழிச்சேன். வெளிய சொல்லிடாத" என்றார். கண் கலங்கியிருந்தது.

தொட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா சத்தம் போட்டது: "இன்னா மொதலாளி, பந்து வெந்துடுச்சு. கூடவே காய வெச்சிடட்டா?"

பாரிஸ் போன்

மறுநாள் சம்பந்தியே ஆபீஸுக்குப் போன் செய்தார். குரல் ரகசியமாக இருந்தது. "தம்பி, அந்த கோல்ஃபை மட்டும் எப்படியாவது எடுத்துட முடியுமா? நான் அந்தக் குச்சியைத் தொட்டதுகூட இல்ல. மில்லு வெச்சிருக்கிறவரு, பெரிய எடம், கோல்ஃப் இல்லன்னா கேவலமா நெனைப்பாருன்னு பேக்கேஜுல சேர்த்துட்டேன். அவருக்குத் தெரிஞ்சா மரியாதை போயிடும்."

அவரை லைனில் நிறுத்திவிட்டு ஓனரிடம் சொன்னேன். ஓனர் ஒரு யோசனை சொன்னார். நான் மில்காரரையும் அதே லைனில் சேர்த்தேன். "ரெண்டு பேருக்குமே கோல்ஃப் தெரியாது. ரெண்டு பேரும் என்கிட்ட சொல்லிட்டீங்க. இனிமே நீங்களே பேசிக்கோங்க."

கல்யாணம் நின்றது, என் வேலையும் போனது என்று நினைத்தேன். பிறகு மில்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, அந்தத் தீவுல தூண்டில் போட வுடுவாங்களா?"

ஓனர் சொன்ன யோசனை, மூன்று மைதானத்தையும் புக் பண்ணிவிட்டு வாயைத் திறக்காமல் இரு என்பது. இரண்டையுமே நான் செய்யவில்லை.