உப்பு மேட்டில் போட்ட சோபா

1. கதவு திறக்கவில்லை

மரக்காணம் உப்பளத்து ஓரமாகக் கார் நின்றதும் நானும் கல்யாணப் பெண் சுகன்யாவும் இறங்கிவிட்டோம். அவள் அம்மா அஞ்சலை அக்கா இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி என்னிடம் கேட்டார்.

“ஏம்பா, கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த உப்புலதான் நின்னேன். எம்பொண்ணு கல்யாணத்துக்கும் இங்கயே வந்து நிக்கணுமா?”

பிள்ளைகளே, உங்கள் அப்பா நான் பந்தல் கான்ட்ராக்டர் என்று உங்களுக்குத் தெரியும். பந்தல் போடுவதற்கு முன்னால் இடம் பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது. கம்பம் நடுவதைவிட அதுதான் கஷ்டம்.

சுகன்யாவுக்குச் சென்னையில் வேலை. மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். ஐப்பசி முகூர்த்தம், கடற்கரைப் பக்கம், இதுவரை பார்க்காத இடம் என்று கேட்டிருந்தார்கள். வெளியூருக்குப் போய் நடத்தும் இந்தக் கல்யாணத்துக்கு டெஸ்டினேஷன் வெட்டிங் என்று பெயர். அன்று சாயங்காலத்துக்குள் இடத்தைச் சொன்னால்தான் அவர்கள் டிக்கெட் போட முடியும்.

“எங்கம்மா வேலை செஞ்ச எடத்த மாப்ள வீட்டுக்காரங்க பாக்கணும்ணே. அவ்ளோதான் என் ஆசை” என்றாள் சுகன்யா.

“பாத்துட்டு? என் கால் வெடிப்பையும் காட்டட்டுமா? எனக்கு டெஸ்டினேசன்னா பாண்டிச்சேரி ஏசி மண்டபம்தான்டீ!”

சுகன்யா திரும்பி உப்புப் பாத்திகளைக் கைகாட்டினாள். அவள் காட்டிய பாத்திகளில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நின்றது. வரப்பில் ஒரு சேர் போடக்கூட அகலம் இல்லை. இடம் எனக்கும் சரிப்படவில்லை. ஆனால் அம்மாவும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. எந்த இடத்தில் பந்தல் போட்டாலும் இந்த இரண்டு பேரும் சிரித்தால்தானே அது கல்யாணம்?

2. கடலும் தோப்பும்

அடுத்து மீனவர் குப்பம் ஒன்றுக்குப் போனோம். மணலில் படகுகளும் வலைகளும் இருந்தன. அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“கல்யாணம்தானே? வலையை நவுத்திக்கிறோம், படகை நவுத்திக்கிறோம். ஐப்பசியில கடல யாரு நவுத்துறது, நீயா?” என்றார்.

அஞ்சலை அக்காவே சிரித்துவிட்டார். பெரியவர் சொன்னது சரிதான். அந்த மாதத்தில் அலை படகு வரைக்கும் ஏறி வரும்.

கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு பார்த்தோம். பார்க்க அழகான தோப்பு. ஆனால் கால் வைத்ததும் சேறு செருப்பைப் பிடித்துக்கொண்டது. பட்டுப்புடவையோடு யாரும் நடக்க முடியாது.

3. மேடு

திரும்பி வரும்போது பெரிய மழை பிடித்தது. ரோடு தெரியாததால் உப்பளத்து ஓரமாகவே வண்டியை நிறுத்தினோம். மழை விட்டதும் பார்த்தால் சுற்றிலும் தண்ணீர். ரோட்டை ஒட்டி இருந்த மேடு மட்டும் வெறுந்தரையாக இருந்தது. வெயில் காலத்தில் உப்பைக் குவித்து வைக்கிற மேடு அது. ஓரத்தில் மட்டும் சில குவியல்களை மழைக்காக ஓலை போட்டு மூடியிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் காலி. கடப்பாறையால் குத்திப் பார்த்தேன். தரை கெட்டி, கம்பம் நிற்கும். லாரி வந்து போகிற அளவுக்கு வழியும் இருந்தது.

அஞ்சலை அக்கா கண்ணாடியை இறக்கினார்.

“அது மொதலாளி மேடுப்பா.”

“உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாம? கூடையைத் தூக்கினு ஏறுவோம், கொட்டுவோம், எறங்குவோம். மூச்சு வாங்க நின்னாலே மேஸ்திரி கத்துவான். ஒரு நாளும் அதுல குந்தினது இல்ல.”

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். செருப்புக் காலோடு மேட்டில் ஏறி நடுவில் நின்றார். அங்கிருந்து பாத்திகள் எல்லாம் கீழே தெரிந்தன.

“ஏம்பா, இங்க சோபா போடுவியா?”

“பொண்ணு மாப்பிள்ளைக்கு ராஜா சோபாவே போடுறேன்கா.”

“அவங்களுக்கு இல்லப்பா. எனக்கு.”

சுகன்யா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எத்தினி சோபா வேணும்மா?” என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதாள்.

மேட்டைக் குத்தகைக்கு வைத்திருந்தவரிடம் பேசினேன். மழை மாதத்தில் சும்மா கிடக்கிறதுதானே என்று ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே கோயம்புத்தூருக்கு இடத்தைச் சொல்லிவிட்டோம்.

4. முகூர்த்தம்

கல்யாணத்தன்று நல்ல மழை. தகர ஷீட் போட்ட பந்தல் என்பதால் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. சத்தம்தான் மேளத்தை மிஞ்சியது. தாலி கட்டி முடிந்ததும் கோயம்புத்தூர்க்காரர்கள் மேட்டு ஓரத்தில் வரிசையாக நின்று போட்டோ எடுத்தார்கள். சம்பந்தியம்மாவிடம் அஞ்சலை அக்கா கையை நீட்டி, “அதோ, அந்த மூணாவது பாத்தி என்னுது” என்று காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் இடம் பார்க்கப் போகும்போது காரில் ஒரு சீட்டைக் காலியாக வைத்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் இந்த இடம் வேண்டாம் என்று யார் சொல்கிறாரோ, அவரை முதலில் ஏற்றிக்கொள்வேன். பாதி நாள் திட்டு வாங்குகிறேன். ஆனாலும் பந்தல் சரியான இடத்தில் நிற்கிறது. நீங்கள் நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும் அந்த ஒரு சீட்டை விட்டு வையுங்கள்.

சுகன்யா கல்யாணத்தன்று முன்வரிசையில் சிவப்பு சோபாக்கள் போட்டிருந்தேன். அக்காவோடு உப்பு சுமந்த பெண்கள் புதுப்புடவையில் வந்து, உட்காரத் தயங்கி ஓரமாக நின்றார்கள். அக்கா தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

“குந்துங்கடி. எவன் வந்து கத்துறான்னு பாக்கலாம்.”