காப்புக் கட்டிய நாட்களும் அக்காவின் சிறுநீரகமும்

அக்காவோடு சண்டை போட்டே வளர்ந்த தங்கை நான். அவருடைய முதலாம் ஆண்டு நினைவு மலரில் அவரைப் புகழ்ந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முயல்கிறேன்.

அக்கா பிறந்தது கரையான்சாவடியில், வாழ்க்கைப்பட்டது மண்ணூர்பேட்டையில். மாமா இளவயதிலேயே காலமாகிவிட, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்து, மகளைத் தனியாளாக வளர்த்தார். யாரிடமும் கைநீட்டாதவர். பிடிவாதத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை.

மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் அக்காவுக்குக் காசநோய் வந்தது. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆடி மாதம் வரும்வரை விடாமல்தான் சாப்பிட்டார். பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டியவர், காப்பு கையில் இருக்கும்வரை மருந்தைத் தொடமாட்டேன் என்று தானாகவே ஒரு விரதத்தைச் சேர்த்துக்கொண்டார். அம்மன் கேட்காத விரதம் அது. எங்களுக்கும் சொல்லவில்லை. காப்பை அவிழ்த்ததும் சமர்த்தாக மாத்திரையை மறுபடி தொடங்கினார். சில நாட்களிலேயே காய்ச்சல், வாந்தி. கால்கள் வீங்கின. சிறுநீர் ஏறக்குறைய நின்றேபோனது.

இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை என்று ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் தொடங்கினார்கள். இனி காலமெல்லாம் இப்படித்தானா, பாதியில் நிற்கும் காசநோய் என்னாகும் என்று நாங்கள் கலங்கிப்போனோம்.

"நடுவுல மாத்திரையை நிறுத்தினீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னாக்கா மறைக்கிறே? உன் பொண்ணு வெளிய அழுதுகினு கீறா" என்றேன்.

"காப்பு கட்டிகினு இருந்தப்போ துன்னல டாக்டர். சாமிக்கு ஆவாதுன்னு உட்டுட்டேன்."

மருத்துவர் கோபிக்கவில்லை. "நல்லவேளை, சொன்னீங்க" என்றார். அந்த மருந்துகளில் ஒன்றை இடையில் விட்டு மறுபடி தொடங்கினால், சிலருக்கு உடம்பு அதை எதிர்த்துச் சிறுநீரகம் அடிபடுமாம். அதை மட்டும் நிறுத்தி, வேறு மருந்து சேர்த்தார். சிறுநீர் மெல்லத் திரும்பியது. டயாலிசிஸ் நின்றது. சிகிச்சை நீண்டாலும் காசநோயும் குணமானது.

அதன்பின் ஒவ்வோர் ஆடியிலும் காப்புக் கட்டும் இடத்தில் பூசாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "மாத்திரை துன்றவங்க துன்னுட்டு வந்து கட்டிக்கோங்க. அம்மா கோச்சிக்க மாட்டா, கிட்னிதான் கோச்சிக்கும்" என்பார். பூசாரியும் தலையாட்டுவார்.

மகளின் பட்டத்தையும் கல்யாணத்தையும் கண்குளிரப் பார்த்தார். பேத்திக்குத் தலைவாரி விட்டார். சென்ற ஆண்டு மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

அன்று அக்காவைக் காப்பாற்றித் தந்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், வேலை முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கம்பெனித் தோழிகளுக்கும், கடைசிவரை உடனிருந்த மண்ணூர்பேட்டை மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி நாளில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த இளம் மருத்துவர், "இதயம்தான் பலவீனமா இருக்கு. கிட்னி நல்லா இருக்கு" என்றார். அந்த அழுகையிலும் எனக்கு அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது.